எண்ணெயில் தண்ணீர்

நான் வேலை செய்யும் ஷெட் மலையடிவாரத்தில் இருக்கிறது. கொழும்பிலிருந்து வரும் தண்டவாளம் கேகாலைப் பக்கத்துச் சமநிலத்தை விட்டுக் கடுகண்ணாவை ஏற்றத்தைத் தொடுவதற்கு முன்னால், ஸ்டேஷனுக்குச் சற்றுத் தள்ளி நாலு பாதைகள் பிரிந்து ஒரு உயரமான தகரக் கொட்டகைக்குள் போகும். டீசல் இன்ஜின்கள் அங்கே வந்து நிற்கும். சில அரை மணி நேரத்தில் டீசலும் தண்ணீரும் மணலும் நிரப்பிக்கொண்டு போய்விடும். சில ஒரு வாரம் படுத்திருக்கும். நிறையப் பெட்டிகளோடு நீளமான ரயில் வந்தால், ஏற்றத்தில் அதைப் பின்னால் இருந்து தள்ள இங்கிருந்துதான் ஒரு இன்ஜின் போகவேண்டும்.

இன்ஜினுக்கு எதற்கு மணல் என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. மழை நாளில் தண்டவாளம் வழுக்கும். சக்கரத்துக்கு முன்னால் குழாய் வழியாக மணலைத் தூவினால்தான் அது பிடித்து ஏறும். அதனால் எங்கள் ஷெட்டில் மணல் உலர்த்த ஒரு கொட்டில் இருக்கிறது. அந்தக் கொட்டிலுக்கும் பாட்டரி அறைக்கும் நடுவில் இருக்கும் சின்ன அறைதான் என்னுடையது. ஒரு மேசை, ஒரு ஹொட்பிளேட், கண்ணாடிக் குழாய்கள், வடிதாள் கட்டு, சுவரோரம் வரிசையாகப் போத்தல்கள். அந்தப் போத்தல்களில் கறுப்பாக இருப்பது இன்ஜின் எண்ணெய்.

மனிதர்களுக்கு இரத்தம் சோதிக்கிற மாதிரி இன்ஜினுக்கு எண்ணெயைச் சோதிப்போம். எண்ணெய் நீர்த்துப் போயிருந்தால் டீசல் கலந்திருக்கிறது. வடிதாளில் ஒரு சொட்டு விட்டால் வட்டம் வட்டமாகப் பரவும். நடு வட்டம் தார் மாதிரி இறுகி நின்றால் எண்ணெய் களைத்துவிட்டது, மாற்றவேண்டும். சூடான தட்டில் ஒரு சொட்டு விட்டு அது சடசடவென்று வெடித்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. எல்லாவற்றிலும் மோசமானது அதுதான். இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றி ஓடும் தண்ணீர் எங்கோ ஒரு இடத்தில் கசிந்து எண்ணெய்க்குள் இறங்குகிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசித் தேய்ந்து, ஒரு நாள் இன்ஜின் ஓடுகிற ஓட்டத்தில் இறுகிவிடும்.

இந்த வேலைக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் வீடு ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில், ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. அப்பா நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது இறந்துபோனார். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும் பிறகு டவுனிலும் படித்து, உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியல் ஓரளவு நன்றாகச் செய்திருந்தேன். வேலை கிடைத்த கடிதத்தைப் படித்துக் காட்டியபோது அம்மா கேட்டது ஒன்றுதான்.

"ரயிலு ஓட்டணுமா?"

"இல்லம்மா. எண்ணெய் பாக்கணும்."

"எண்ணெயில என்னா பாக்கிறது?"

அன்று எனக்கும் தெரியவில்லை.

ஷெட்டில் ஐம்பது அறுபது ஆண்கள். ஒஃபீசில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இன்ஜின் பக்கம் நான் ஒருத்திதான். தமிழும் நான் ஒருத்திதான். சிங்களம் எனக்குப் பேச வரும், எங்கள் பக்கத்தில் வராமல் இருக்க முடியாது. ஆனால் கடைத்தெருவில் பேசுகிற சிங்களம் வேறு, அறிக்கை எழுதுகிற சிங்களம் வேறு. முதல் மாதம் நான் எழுதிய அறிக்கைகளை, ஷெட்டுக்குப் பொறுப்பான போர்மன் பென்சிலால் திருத்தி, ஒன்றும் சொல்லாமல் மேசையில் வைத்துவிட்டுப் போவார். பெரிய உடம்புக்காரர், அதிகம் பேசமாட்டார். எல்லோரும் அவரைப் போர்மன் மாத்தயா, போர்மன் ஐயா, என்றார்கள், நானும் அப்படியே சொன்னேன்.

இன்ஜின்களில் இருந்து எண்ணெய் எடுத்து வந்து தருவது ஒரு ஃபிட்டரின் வேலை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சிங்களவர். பக்கத்து ஊர். இரட்டைப் பெண்குழந்தைகள் அப்போதுதான் பிறந்திருந்தன, அதனால் எப்போதும் தூக்கக் கலக்கத்தோடு வருவார். என்னை நங்கி, தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். வந்தவுடன் என்னைத் தமிழில் எண்ணச் சொல்லிக் கேட்பார். போத்தல்களை ஒன்றொன்றாக மேசையில் வைத்துக்கொண்டே "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவார். ஏழு வரைதான் வரும். எட்டிலிருந்து சிங்களத்துக்குத் தாவிவிடுவார்.

வேலைக்கு வந்து ஆறாவது மாதத்தில் ஒரு தவறு நடந்தது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

ஒரு காலை, மாத சோதனைக்கு நின்ற இன்ஜினின் எண்ணெயைத் தட்டில் விட்டேன். சடசடவென்று வெடித்தது. புத்தகத்தில் படித்ததை அன்றுதான் முதல்முறை கண்ணால் பார்க்கிறேன். ஓடிப்போய் போர்மனிடம் சொன்னேன். இன்ஜினை உடனே உள்ளே இழுத்தார்கள். பக்கவாட்டுக் கதவுகளையெல்லாம் கழற்றி, தண்ணீர்ப் பாதையில் அழுத்தம் கொடுத்து, நாலு பேர் டோர்ச் பிடித்துக்கொண்டு அடியில் கிடந்து பார்த்தார்கள். மாலைவரை பார்த்தார்கள். ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

எல்லோரும் கை துடைத்துக்கொண்டு எழுந்து நின்றபோது நான் ஒரு தூணை ஒட்டி நின்றேன். யாரும் என்னைத் திட்டவில்லை. யாராவது திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது. போர்மன் என்னிடம் வந்து, "எந்தப் போத்தல்?" என்று கேட்டார். எடுத்துக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போது அந்த ஃபிட்டர் முன்னால் வந்தார்.

"மாத்தயா, அது நான் காலையில பைப்புல கழுவின போத்தல். காயவிடாம எண்ணெய எடுத்துட்டேன். நங்கி மேல தப்பில்ல."

அவர் சும்மா இருந்திருக்கலாம். போத்தலில் பெயர் எழுதியிருக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் வந்து சொன்னார். போர்மன் போத்தலை அவர் கையில் கொடுத்துவிட்டு, கதவுகளை மாட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னேன். அப்போது அம்மா எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொன்னார்.

பால் நிறுக்கிற இடத்தில், வாளிக்குள் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று அது காட்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் ஒரு நாள், அம்மாவின் வாளியில் அந்தக் குழாய் வழக்கத்தைவிட மேலே எழும்பி நின்றது. அம்மா தண்ணீர் கலந்துவிட்டதாகக் கணக்கப்பிள்ளை எல்லோர் முன்னாலும் சொல்லி, தனியாகத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். உண்மையில் காலையில் பெய்த ஒரு தூறல், பால் வடியும் சிரட்டைகளில் இறங்கியிருந்தது. அம்மா பால் வெட்டும் மலையில் மட்டும் பெய்த மழை.

"நான் சொன்னேன், மழைத் தண்ணிங்க ஐயான்னு. யாரு கேட்டா? அவங்க ஒரு தடவதான் பாத்தாங்க." அம்மா என் தலையைத் தடவினார். "நீ ரெண்டு தடவ பாரு. தண்ணி இருக்குன்னு சொல்லுறது லேசு. ஆனா யாரையோ தள்ளி நிக்கவைக்கிற பேச்சு அது."

அடுத்த நாளிலிருந்து போத்தல்களை நானே கழுவி, நானே ஹொட்பிளேட் பக்கத்தில் வைத்துக் காயவிட்டேன். சந்தேகம் வந்தால் இன்ஜினில் ஏறி நானே எண்ணெய் எடுத்தேன். நான் ஏற வசதியாக ஃபிட்டர் ஒரு சின்ன மரப்படி செய்து தந்தார். சேலைக்குப் பதிலாகக் கால்சட்டையும் நீளக் கோட்டும் போட ஆரம்பித்தேன். முதலில் பார்த்துச் சிரித்தவர்களுக்குப் பிறகு பழகிவிட்டது.

இப்படிப் பதினாலு பதினைந்து வருடம் போனது. ஃபிட்டரின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்கு வந்துவிட்டார்கள். போர்மனுக்குத் தலை முழுவதும் வெளுத்துவிட்டது. எனக்கு இரண்டு மூன்று இடங்களில் கல்யாணம் பேசி, ஏதேதோ காரணத்தால் நின்று, பிறகு பேசுவதும் நின்றது. அம்மாவும் நானும் லயத்திலேயே இருந்தோம்.

அம்மாவுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. அதை அம்மா சொல்லவில்லை, மரங்கள் சொல்லின. பால் வெட்டும்போது பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவவேண்டும். கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும். அம்மா வெட்டிய மரங்களில் காயம் தெரிய ஆரம்பித்ததும் அவரைப் புல்வெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். டாக்டர் இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்திருக்கிறது, ஒப்பரேஷன் செய்யவேண்டும் என்றார். கண்டியில் கண் கிளினிக்குக்கு எழுதிப்போட்டு, பல மாதம் கழித்து ஒரு தேதி கிடைத்தது. காலை பதினொரு மணிக்குள் வந்து பெயர் கொடுக்கவேண்டும், தவறினால் மறுபடி வரிசையில் கடைசி என்று துண்டில் எழுதியிருந்தது.

அந்தத் தேதி வந்தது, நாடே பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருடத்தில். பஸ்கள் பாதிதான் ஓடின. ஜனங்கள் எல்லோரும் ரயிலுக்கு வந்துவிட்டார்கள். கதவுகளில் தொங்கிக்கொண்டு போனார்கள். எங்கள் ஷெட்டில் உதிரிப்பாகம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவேண்டியவை வரவில்லை. படுத்த இன்ஜின்களில் இருந்து கழற்றி ஓடுகிற இன்ஜின்களுக்குப் போட்டார்கள். ஒரு இன்ஜினை நிறுத்துவது என்றால் நூற்றுக்கணக்கான பேரைப் பிளாட்போர்மில் நிறுத்துவது என்று அர்த்தம்.

அன்று நான் லீவு போட்டிருந்தேன். அம்மாவும் நானும் விடியற்காலையிலேயே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டோம். அம்மா மஞ்சள் கரை வைத்த வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். ரயில் கீழேயிருந்து வரத் தாமதமாகும் என்றார்கள். அம்மாவை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நின்றபோது, ஷெட் பக்கத்திலிருந்து ஃபிட்டர் தண்டவாளத்தைத் தாண்டி வந்தார்.

"நங்கி, போர்மன் மாத்தயா கூப்பிடுறாரு. அஞ்சு நிமிசம்."

எங்கள் ரயிலைப் பின்னாலிருந்து தள்ளப் போகிற இன்ஜின் ஷெட் வாசலில் நின்றது. நேற்று மாலை இறங்கி வந்த டிரைவர், இரண்டு தடவை தண்ணீர் ஊற்றவேண்டியிருந்தது என்று புத்தகத்தில் எழுதிவைத்திருந்தார். வெளியே குழாய்களில் கசிவு எதுவும் தெரியவில்லை. அப்படியானால் தண்ணீர் எங்கே போனது? போர்மன் அந்த வரியைக் காட்டிவிட்டு, "போறதுக்கு முன்னால ஒரு தடவ பாத்துட்டுப் போறியா?" என்றார்.

கரண்ட் இல்லை. அந்த மாதங்களில் கரண்ட் வெட்டுவது தினசரி விஷயம். ஹொட்பிளேட் வேலை செய்யாது. நான் ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி, ஒரு எவர்சில்வர் கரண்டியை அதன் மேல் பிடித்துச் சூடாக்கினேன். ஃபிட்டர் கொண்டுவந்த போத்தலில் இருந்து ஒரு சொட்டு விட்டேன்.

வெடித்தது.

கரண்டியைத் துடைத்தேன். மறுபடி சூடாக்கினேன். மறுபடி வெடித்தது. நல்ல சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காய்ந்த போத்தல் ஒன்றை நானே எடுத்து, மரப்படியில் ஏறி நானே எண்ணெய் எடுத்தேன். அதுவும் வெடித்தது. புது எண்ணெய் டின்னில் இருந்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். அது சத்தமில்லாமல் புகைந்தது.

கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். ஏற்றம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. நேற்று ஓடிய இன்ஜின் இன்றும் ஓடும். மேலே போய் இறங்கி வந்த பிறகு சொன்னால் என்ன? அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பதினொரு மணி. மறுபடி எத்தனை மாதம்? நான் லீவில் இருக்கிறேன். ஃபிட்டர் கூப்பிட வந்தபோது ரயில் வந்திருந்தால் நான் இங்கே இருந்திருக்கவே மாட்டேன்.

அன்று அதை ஓட்டப் போகிற டிரைவர் வாசலுக்கு வெளியே நின்றார். வயதானவர், பிளாஸ்கில் இருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நான் சொல்வதைக் கேட்பதற்காகச் சும்மா நின்றார்.

"மாத்தயா, தண்ணி இருக்கு," என்றேன். "இது போகக்கூடாது."

போர்மன் ஸ்பிரிட் விளக்கையும் கரண்டியையும் பார்த்தார். "நிச்சயமா?"

"மூணு தடவ பாத்தேன். ஒண்ணு நானே எடுத்தது."

அவர் டெலிபோனை நோக்கி நடந்தார். டிரைவர் பிளாஸ்கை மூடிவிட்டு, இன்ஜினில் ஏறித் தன்னுடைய பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

பிளாட்போர்முக்குப் போனேன். கூட்டம் இன்னும் கூடியிருந்தது. அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் வருகிற பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ரயிலு இப்ப போகாது."

"ஏன்?"

"தள்ளுற இன்ஜின் சரியில்ல. வேற இன்ஜின் கீழருந்து வரணும்."

"யாரு சொன்னா சரியில்லன்னு?"

"நாந்தான்."

அம்மா பையின் வாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"ரெண்டு தடவ பாத்தியா?"

"மூணு தடவ."

"அப்ப சரி," என்றார் அம்மா. "வா, எங்கயாவது நெழல்ல போயி இருப்போம்."

நாங்கள் எழுந்தபோது பக்கத்தில் நின்ற ஒருவர் இன்னொருவரிடம் சிங்களத்தில் எரிச்சலோடு பேசிக்கொண்டிருந்தார். ஷெட்டில் யாரோ ஒரு பெண் இன்ஜினை நிறுத்திவிட்டாளாம், இவர்களுக்கெல்லாம் என்ன தெரியும் என்று. நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா நின்றார். அம்மா சிங்களம் பேசினால் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பேசுவார்.

"மாத்தயா, அது எம்மக. எனக்கும் இன்னைக்கிக் கண்டியில கண்ணு காட்டணும். மலைக்கு நடுவுல நின்னுட்டா நம்மள யாரு வந்து எறக்குறது?"

அந்த மனிதர் அம்மாவின் கண்களைப் பார்த்தார். ஒதுங்கி வழி விட்டார்.

பதினைந்து வருடத்தில் அம்மா ஷெட்டுக்குள் வந்தது அன்றுதான். போர்மன் தன் நாற்காலியைத் தூக்கி வந்து, இன்ஜினிலிருந்து தள்ளி ஒரு மூலையில் போட்டார். அம்மா அதில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு இன்ஜின் ஒரு பெரிய மங்கலான சுவராகத்தான் தெரிந்திருக்கும். நான் பக்கத்தில் நின்று என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இப்ப பக்கத்துக் கதவக் கழட்டுறாங்க. உள்ள பெரிய பெரிய சிலிண்டருங்க. ஒவ்வொண்ணையும் சுத்தித் தண்ணி ஓடும். இப்ப தண்ணிக்கு அழுத்தம் குடுக்கிறாங்க. எங்க சொட்டுதுன்னு பாக்கணும்."

"சொட்டலன்னா?"

நான் ஃபிட்டரின் டோர்ச் வெளிச்சத்தையே பார்த்தேன்.

முதல் அரை மணியில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் ஆனது. டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது. போர்மன் ஒவ்வொரு தடவையும் போய், "பாத்துக்கிட்டு இருக்கோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். ஃபிட்டர் தலையை உள்ளே விட்டுக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டராக டோர்ச் அடித்தார். எனக்குப் பழைய நாள் ஞாபகம் வந்தது. கரண்டியில் ஏதாவது ஈரம் இருந்ததோ? ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருந்ததோ? அறைக்குப் போய்க் கரண்டியை எடுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். அது காய்ந்துதான் கிடந்தது.

திரும்பி வந்தபோது அம்மா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கை சொரசொரப்பாக, சூடாக இருந்தது. விடவில்லை.

பத்தரை மணி இருக்கும். இன்ஜினுக்கு அடியிலிருந்து ஃபிட்டரின் குரல் வந்தது.

"மாத்தயா. அஞ்சாவது."

போர்மன் முழங்கால் போட்டுக் குனிந்தார். எனக்கும் இடம் விட்டார். டோர்ச் வெளிச்சத்தில், சிலிண்டரின் கீழ் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டுகொண்டிருந்தது. அது விழுவதற்கு அத்தனை நேரம் எடுத்தது. விழுந்த இடத்தில் எண்ணெயோடு சேர்ந்து, பால் ஊற்றிய டீ மாதிரி ஒரு பழுப்பு நிறம். போர்மன் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "நல்லது, துவ," என்றார். அதுவரை அவர் என்னை மகளே என்று கூப்பிட்டதில்லை.

எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பத்தரை மணி. இனி எந்த ரயிலில் போனாலும் பதினொரு மணிக்குக் கண்டிக்குப் போய்ச் சேர முடியாது. சேலையில் எண்ணெய்க் கறை. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ஃபிட்டர் அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உள்ளே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

"எதுக்கு அழுவுற?"

"ஒங்க தேதி போச்சும்மா."

"தேதி போனா இன்னொண்ணு குடுப்பாங்க." அம்மா மேசையைத் தடவிப் பார்த்தார், போத்தல்களைத் தொட்டுப் பார்த்தார். "இதுதான் ஒன் எடமா? என்னா வாசன இது. நம்ம ரப்பர் ஸ்டோருல கூட இவ்வளவு நாறாது."

எனக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

நடுப்பகலில் கீழேயிருந்து வேறொரு இன்ஜின் வந்து ரயில் கிளம்பியது. நாங்கள் போகவில்லை. ஷெட்டில் எல்லோரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அம்மாவுக்கு ஆளுக்கு ஒரு கை என்று வைத்து, கடைசியில் எல்லோரையும்விட அம்மாவின் தட்டில்தான் அதிகம் இருந்தது. பலாக்காய்க் கறி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அம்மா விசாரித்தார். ஃபிட்டரின் மனைவி சமைத்தது என்று தெரிந்ததும், மிளகு கொஞ்சம் கூடிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்குப் போக பஸ் இல்லை. மாலைவரை வராது என்றார்கள். ஃபிட்டரிடம் ஒரு பழைய மோட்டார்சைக்கிள் இருந்தது. இரண்டு நாள் வரிசையில் நின்று அவர் அடித்த பெட்ரோல் அதில் இருந்தது; பிள்ளைகளை டியூஷனுக்குக் கூட்டிப்போக வைத்திருந்தார். "அம்மே, ஏறுங்க," என்றார். நான் வேண்டாம் என்றேன். அம்மாவும் வேண்டாம் என்றார். அவர் கேட்கவில்லை. நான் மாலை பஸ்ஸுக்குக் காத்திருப்பதாகச் சொன்னேன்.

அம்மா அதுவரை மோட்டார்சைக்கிளில் ஏறியதில்லை. சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாக உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவர் தோளைப் பற்றிக்கொண்டார். புறப்படும்போது ஃபிட்டர் சத்தமாகத் தமிழில் எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு." கேட் தாண்டும்போது அம்மாவின் குரலும் சேர்ந்து கேட்டது. எட்டையும் ஒன்பதையும் அம்மா சொல்லிக்கொடுத்துக்கொண்டு போனார்.

அந்த ஐந்தாவது சிலிண்டரை வெளியே எடுக்க நாலு நாள் ஆனது. கசிந்ததற்குக் காரணம், தண்ணீரை அடைத்து நிற்கவேண்டிய ஒரு ரப்பர் வளையம். பழையதைப் போர்மன் எறியப்போனார். நான் கேட்டு வாங்கித் துடைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து அதை விரலால் சுற்றிச் சுற்றித் தடவினார்.

"இதுவா தண்ணிய விட்டது?"

"இதுதான்."

"ரப்பருதான். ஆனா கருகிக் கெட்டியாப் போச்சு." மெதுவாக வளைத்தார். அது முறிந்தது. "பாவம். ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் தண்ணி. எத்தன வருசம் தாங்கிச்சோ."

"நம்ம தோட்டத்து ரப்பரா இருக்காதும்மா. எங்கயோ வெளிநாட்டுல செஞ்சது."

"எங்க செஞ்சா என்ன," என்றார் அம்மா, முறிந்த துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு.

கிளினிக்கில் மறுபடி கடைசியில்தான் போட்டார்கள். அம்மாவுக்கு ஒப்பரேஷன் நடக்க இன்னும் ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதத்தில் அம்மா இரண்டு தடவை லயத்துப் படியில் தடுக்கி விழுந்தார். ஒரு தடவை மணிக்கட்டு வீங்கியது. வலி எண்ணெய் தேய்த்துவிடும்போதெல்லாம் நான் அந்தக் காலையை நினைத்துக்கொள்வேன். நான் செய்தது தவறு என்று ஒரு நாளும் தோன்றவில்லை. ஆனால் வலித்தது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. அம்மா ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒப்பரேஷன் முடிந்த மறுநாள் காலை, நர்ஸ் வலது கண்ணின் கட்டைப் பிரித்தார். அம்மா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிச் சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒனக்கு எப்ப இவ்வளவு நரைச்சிச்சு?"

"ரெண்டு மூணு வருசமா."

"ஒருத்தரும் எனக்குச் சொல்லலியே," என்றார். முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். அழக்கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று நர்ஸ் சொன்னதும் அடக்கிக்கொண்டார்.

அன்று மாலை ரயிலிலேயே இறங்கினோம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். பள்ளத்தாக்கையும் வயலையும் காட்டினேன். அவர் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். நகக்கண்களில் எண்ணெய்க் கறுப்பு ஏறி இருந்தது. எத்தனை சோப் போட்டாலும் அது போவதில்லை.

"இதோடயா தெனமும் சோறு பெசஞ்சு குடுத்த?"

கொண்டையிலிருந்து ஒரு ஊசியைப் பிடுங்கி, அதன் மழுங்கிய நுனியால் என் கட்டைவிரல் நகத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். கண்ணாடியைப் போடச் சொன்னேன், கேட்கவில்லை. ரயில் ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது மோதிர விரல்வரை வந்திருந்தார்.